மூன்றால் வகுத்தது

மாலை ஆறேகாலுக்கு
நாகலூரிலிருந்து ஓர் எண் வரும்.
வணக்கம் கிடையாது, சாப்பிட்டீங்களா கிடையாது.
8.1
கருப்பூரிலிருந்து நான் அனுப்புவேன்.
12.4
அவ்வளவுதான் பேச்சு
பிலோமினாவுக்கும் எனக்கும்.

மின்வாரிய அலுவலகத்தில்
ஒரே பெஞ்சில் ஒரே படிவத்தோடு காத்திருந்தோம்.
என் பேனாவை வாங்கினாள்,
மூடியில்லாமல் திருப்பித் தந்தாள்.
மூடி கிடைத்தால் சொல்லச் சொல்லி
என் எண்ணைக் கொடுத்தேன்.
மூடி வரவில்லை,
எண்ணுக்கு எண் வந்துகொண்டிருக்கிறது.

நான்கு மாதம் நான்தான் ஜெயித்தேன்.
இத்தனை வருஷம் திட்டித்தீர்த்த சேலத்து வெயிலை
பால் பூத்திலும் பஸ்ஸிலும்
என் பேரில் பட்டா போட்டதுபோல் பேசித் திரிந்தேன்.
ஒருநாள் 11.8 ஐ
12.2 என்று அனுப்பினேன்.
அன்றிரவு காரணமில்லாமல்
மொட்டைமாடிக்கு இரண்டுமுறை போய்வந்தேன்.

பிறகு கேட்டாள்:
"உங்களுது எத்தன கிலோவாட்?"
மூன்று.
"என்னுது ரெண்டு. வகுத்துப் பாருங்க."

பஸ் டிக்கெட்டின் பின்னால்
மூடியில்லாத பேனாவால் வகுத்தேன்.
12.3 ஐ மூன்றால். நாலு புள்ளி ஒன்று.
8.6 ஐ இரண்டால். நாலு புள்ளி மூன்று.
பழைய எண்களையும் தோண்டியெடுத்து வகுத்தேன்.
டிசம்பரும் ஜனவரியும் என்னுடையவை,
மூடுபனி எனக்குப் போட்ட பிச்சை.
மார்ச் முழுக்க அவளுடையது.

தகடு மாட்டிய இர்ஷாத் சிரித்தான்.
"இதுக்கு வேண்டியது வெளிச்சந்தான்க்கா, சூடு இல்ல.
சூடேறுனா அதுக்கும் கிறுகிறுன்னு வரும்."
ஏப்ரல் பகல் இரண்டு மணிக்கு
தகட்டின் அடியில் கை வைத்துப் பார்த்தேன்.
தோசைக்கல்.
இதை வைத்தா பெருமையடித்தேன்.

போதாததற்குச் சுண்ணாம்புக்கரடு.
லாரி போகப் போக வெள்ளைக்கல் தூசி
பல்பொடியாய்ப் படிகிறது.
விடியுமுன் வாளியும் பழைய நைட்டியுமாய்த் துடைக்கிறேன்,
துடைத்த அன்று அரை யூனிட் கூட.

அவளுக்கு ஒரு சில்வர் ஓக்.
மூன்றரை மணிக்கு அதன் நிழல்
ஒரு தகட்டின் மூலையை மிதிக்கும்,
ஒன்று நொண்டினால் எல்லாம் நொண்டும்.
வெட்டிடலாமே என்றேன்.
மிளகுக்கொடி ஏறியிருக்கு என்றாள்,
வருஷத்துக்கு ஏழு கிலோ.
மிளகை எதனால் வகுப்பதென்று தெரியாமல்
அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

மே மாதம் ஓர் இரவு
மலையில் காற்று, கீழே மழை.
மறுநாள் கழுவிக் கவிழ்த்த வானம்,
எனக்குத் துடைக்கும் வேலையில்லை.
15.1
வகுத்தாலும் ஐந்துக்கு மேல்!
ஆறேகாலுக்கு முன்பே போனைக் கையில் வைத்திருந்தேன்.

0.0

மேல மழையா?
"வெயில் கொளுத்துது.
மரம் விழுந்து லைன் அறுந்துபோச்சு.
லைன்ல கரண்ட் இல்லன்னா
இதுவும் படுத்துக்குமாம்."

தெரியும்.
கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனைக்
கொன்றுவிடக் கூடாதென்று
தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும் பெட்டி.
நியாயம்தான். ஆனாலும்
தலைக்கு நேரே சூரியனை வைத்துக்கொண்டு
சைபர் எழுதுவது.

மறுநாளும் 0.0
அதற்கு மறுநாளும்.
கரண்ட் இல்லாத வீட்டில் போன் எப்படி என்று
மூன்றாம் நாள்தான் எனக்கு உறைத்தது.
எஸ்டேட் ஆபீஸ் ஜெனரேட்டர் வரை நடந்துபோய்
சார்ஜ் போட்டுக் காத்திருந்து
அந்தச் சைபரை அனுப்பியிருக்கிறாள்.
புள்ளியோடு.

என் 15.1 ஐ அனுப்பினேனா?
அனுப்பினேன். குறைத்துச் சொல்வதும் பொய்தான்,
ஒரு பொய்க்கே இரண்டுமுறை மாடியேறினேன்.
"ஒத்துக்கிட்டேன்" என்று வந்தது.

நான்காம் நாள் 3.2
"மத்தியானம் ரெண்டு மணிக்குத்தான் லைன் வந்துச்சு."

இரண்டால் வகுத்தேன்.
போதவில்லை.
லைன் இருந்த மணிகளுக்கு மட்டும் கணக்குப் போட்டேன்.
ஓக் நிழலுக்குக் கொஞ்சம் கூட்டினேன்.
அவள் ஜெயித்துவிட்டாள் என்று வரும்வரை
வகுத்துக்கொண்டிருந்தேன்.